கடற்காற்றுக்குள் ஒரு சிடி 200: குரோமும் அலுமினியமும் மினுக்கின அனுபவம்

எங்கள் வீட்டு ஹொண்டா சிடி 200 அப்பா ஓடின மோட்டார் சைக்கிள். வீடு திருகோணமலை டைக் வீதிப் பக்கம், கடல் கூப்பிடு தூரத்தில். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தின பிறகு, ஊரில் பழைய பைக்குகளைத் தேடித் திருத்தி ஓடுகிறவர்கள் கூடிவிட்டார்கள். எதைப் போட்டு மினுக்குவது என்று அடிக்கடி கேட்கிறார்கள். பல வருடமாக இதன் உலோகப் பாகங்களை நானேதான் துலக்கி வருகிறேன். நான் முதலில் சொல்வது இதுதான்: கடற்கரை ஊரில் மினுக்கிவிட்டு அப்படியே விடக்கூடாது. கடைசியில் பூசுகிற மெழுகுதான் அந்த மினுக்கத்தைக் காப்பாற்றும்.

எதையும் தேய்ப்பதற்கு முன் கழுவ வேண்டும். உப்புத் தூளும் மணலும் ஒட்டியிருக்கத் துணியால் துடைத்தால் அந்த மணலே கீறிவிடும். கரையோரக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உவர். அதனால் கடைசி அலசலுக்கு நான் எடுப்பது கந்தளாயிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர், மாரியில் என்றால் மழைத் தண்ணீர். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிற இடத்துக்கு மண்ணெண்ணெயும் பழைய பல் பிரஷும் போதும். அப்புறம் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி நிழலில் காயவிடுவேன்.

குரோமுக்கு வருவோம். ஹான்டில், ஹெட்லைட் வளையம், ரிம் எல்லாவற்றிலும் மேலே தெரிகிற குரோம் மிக மெல்லியது, ஒரு மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கூட வராது. அதன் கீழே நிக்கல், அதற்கும் கீழே இரும்பு. குரோமில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. உப்பீரம் அந்த வழியாக இறங்கி இரும்பைப் பிடிக்கும். நாங்கள் பார்க்கிற செம்புள்ளி, கீழேயிருந்து மேலே வந்த கறள். அதைச் சுரண்டக் கம்பி நார் எடுத்தால் புள்ளியோடு சேர்ந்து சுற்றியிருக்கிற குரோமும் கீறுப்படும்.

எனக்குச் சரிவந்தது சாப்பாடு சுற்றுகிற அலுமினியத் தாள். ஒரு துண்டைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, அழுத்தாமல் தேய்க்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் தேயிலைச் சாயம் மாதிரி ஒரு கலங்கல் ஊறி வரும். துடைத்துவிட்டு விரலால் தடவினால் முதலில் சொரசொரத்த இடம் வழுக்கும். அலுமினியம் குரோமை விட மிகவும் மென்மையானது, அதனால் குரோமைக் கீறாமல் கறளை மட்டும் கிளப்பும். குழி விழுந்த இடத்தில் ஊசிமுனையளவு கறுப்புப் புள்ளி மிஞ்சும். அதை விட்டுவிடுங்கள், மெழுகு பூசினால் மேலும் பரவாது.

எஞ்சின் கவர் வேறு கதை. அது வெறும் அலுமினியம் இல்லை, கொம்பனியில் மேலே ஒரு தெளிந்த வார்னிஷ் அடித்திருப்பார்கள். வருடம் போகப் போக அது மஞ்சளித்து, விளிம்பில் உப்புப் புகுந்து, உள்ளே வெள்ளை வெள்ளையாகப் புழு ஊர்ந்த தடம் போல ஓடும். அந்த வார்னிஷ் இருக்கும்வரை எந்தப் பொலிஷும் வேலை செய்யாது. பெயின்ட் ரிமூவர் பூசி, அது சுருங்கி எழும்பியதும் மரக்குச்சியால் வழித்தெடுக்க வேண்டும். கையுறை கட்டாயம்.

கவரைக் கழற்றி வேலை செய்தால் இன்னும் நல்லது. ஆனால் இரும்பு ஸ்குரூ அலுமினியத்துக்குள் உப்பீரத்தோடு இருந்து இறுகிப் போயிருக்கும். மட்டிக்களியில் கராஜ் வைத்திருக்கிற அண்ணன் ஒருவர் எனக்குச் சொன்னது: "தம்பி, சும்மா ஸ்டார் டிரைவரைப் போட்டுத் திருகாத. தலை தேஞ்சா அவ்வளவுதான்." ஜப்பான் பைக்குகளின் ஸ்குரூத் தலை ஜேஐஎஸ் என்கிற ஜப்பான் தர வகை. சாதாரண ஸ்டார் டிரைவர் பிலிப்ஸ் வகை, அதில் முழுதாக உட்காராது. சரியான நுனி போட்ட இம்பாக்ட் டிரைவரை (அடித்தால் நுனி திரும்புகிற டிரைவர்) வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் அசைந்துவிடும்.

வார்னிஷ் போன பிறகு தண்ணீர் தொட்டு 800, 1500, 2000 சாண்ட் பேப்பர், எண் கூடக் கூடத் தாள் மென்மை. ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கிற திசையை மாற்றினால் முந்தின கீறல் போனதா என்பது தெரியும். அவசரப்பட்டு 800-இலிருந்து நேரே பொலிஷுக்குப் போனால் வெயிலில் கோடு கோடாகக் காட்டிக்கொடுக்கும். கடைசியாக ஆட்டோசோல் என்கிற உலோகப் பொலிஷ் பசை, பழைய பெனியன் துணியில் பட்டாணியளவு. துணி கறுக்கும், கழன்று வருகிற அலுமினியம்தான் அந்தக் கறுப்பு. புதுத் துணியால் துடைத்து முகம் தெரிந்தால் நிறுத்திவிடலாம். என்னைக் கேட்டால் இந்த வேலைக்கு ஜேர்மன்காரனின் அந்தச் சின்ன ரியூப்புக்கு மேல் வேறொன்றும் தேவையில்லை, ஒன்று வாங்கினால் நீண்ட நாள் வரும். பித்தளை மினுக்குகிற பிராசோவைக் குத்துவிளக்குக்கு வைத்திருக்கிறேன்.

புளி, தேசிக்காய் பித்தளைக்கு அருமை. குரோமில் போடாதீர்கள், அமிலம் துளைகளுக்குள் போய் நின்றுவிடும். கழிவறை கழுவுகிற அமிலத்தால் கறள் எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அன்றைக்கு வெள்ளையாகத் தெரியும், அதிலுள்ள குளோரைட்டால் சில நாளில் முந்தியதை விட மோசமாகக் கறள் பிடிக்கும். ரிம் கம்பிகளைச் சாண்ட் பேப்பரால் தொடவே வேண்டாம், மேலே இருக்கிற நாக (துத்தநாக) பூச்சுப் போய்விடும். எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும், பிரேக் டிரம்மிலும் டயரிலும் படாமல்.

சைலன்சர் பெரும்பாலும் உள்ளேயிருந்துதான் உக்கும். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகிறது. சந்தைக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓடினால் குழாய் சூடாகாமல் அந்த ஈரம் உள்ளேயே தங்கும். அதனால் கிழமைக்கு ஒரு தடவையாவது நிலாவெளி வரைக்கும் ஓடிவிட்டு வருவேன். பைப் நீலம் பாய்வது சூட்டினால் வருவது. தேய்த்தாலும் திரும்ப வரும், விட்டுவிட்டேன்.

தென்மேற்குக் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் காற்று தரைப்பக்கமிருந்து வருகிறது. தூசுதான், உப்புக் குறைவு. அப்போது ஒரு தடவை மெழுகு பூசினால் நன்றாக நிற்கும். வடகிழக்கு வாடைக் காற்று தொடங்கினால் கடல் முழுக்க வீட்டுக்குள் வருகிற மாதிரி. ஐப்பசிக்கு முன்னே எல்லாவற்றையும் மினுக்கி, கார் மெழுகு மெல்லியதாகப் பூசி, மாரி முடியும்வரை கிழமைக்கொரு தடவை கழுவித் திரும்பப் பூசுவேன். சூடாகிற பைப்புக்கு மெழுகு வேண்டாம், கருகிக் கறை பிடிக்கும். 2022-இல் பெற்றோல் இல்லாமல் பைக் நின்றபோது ஹான்டிலுக்கும் ரிம்முக்கும் வாஸ்லின் பூசி, மேலே பழைய பருத்திச் சாறம் போட்டு வைத்தேன். பிளாஸ்டிக் கவர் ஈரத்தைப் பிடித்து வைக்கும். திரும்ப எடுத்தபோது துணியால் துடைத்ததோடு வேலை முடிந்தது.

ஹெட்லைட் வளையத்தை மட்டும் ஒரு கடையில் புதிதாக நிக்கல், குரோம் அடிக்கக் கொடுத்தேன். வரும்போது கண்ணாடி மாதிரி இருந்தது, இரண்டு மாரி தாங்கவில்லை, விளிம்பில் உரிந்தது. நிக்கலைத் தடிப்பாக அடிக்காவிட்டால் மேலே போடுகிற குரோம் இந்தக் காற்றுக்கு நிற்காது. கொடுப்பதென்றால் நிக்கல் எத்தனை மைக்ரோன் என்று கேட்டுக் கொடுங்கள். பதில் சொல்லத் தெரியாத இடத்தில் பழைய வளையத்தைக் கொடுக்க வேண்டாம். கொம்பனிக் குரோம் பாதியாவது மிஞ்சியிருந்தால் நான் அதைத்தான் வைத்துக்கொள்வேன்.