ஓட்டையை அடைக்கணும், ஓடுவது நிற்கக் கூடாது: மூன்று வழிகளில் எது?

அம்பத்தூர் எஸ்டேட், கிண்டி பக்கம் உள்ள சிறு கம்பெனிகளில் பில்லிங்குக்கோ ஸ்டோர்ஸ் கணக்குக்கோ ஒரு லினக்ஸ் சர்வர் வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். அந்த மென்பொருளை எழுதிக் கொடுத்தவர் எப்போதோ வேறு வேலைக்குப் போயிருப்பார். கையில் இருப்பது பைனரி, அதாவது கணினி நேரடியாக ஓட்டும் ஃபைல் மட்டும். அதன் மூல நிரலான சோர்ஸ் யாரிடமும் இருக்காது. அந்த சர்வரில் பல மென்பொருள்களும் பொதுவாகப் பயன்படுத்தும், தகவலை மறையாக்கம் செய்யும் ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் பாதுகாப்பு ஓட்டை என்று தகவல் வந்தால் என்ன செய்வது? பழைய வெர்ஷனிலேயே அந்தத் திருத்தத்தை மட்டும் சேர்க்கலாம். இதைத்தான் பேக்போர்ட் என்கிறோம். புதிய வெர்ஷனுக்கே மாறலாம். அல்லது பழையது, புதியது இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாம். லைப்ரரி என்றால் நான் பேக்போர்ட் பக்கம்தான்.

டிஸ்ட்ரோ எனப்படும் லினக்ஸ் தொகுப்புகளில் டெபியன் ஸ்டேபிளும் ரெட் ஹேட்டும் பெரும்பாலும் இந்த வழியில்தான் போகின்றன. 2014 ஏப்ரலில் ஓபன்எஸ்எஸ்எல்லின் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியே தெரிந்ததும், ஓபன்எஸ்எஸ்எல் குழு 1.0.1ஜி என்ற புதிய வெர்ஷனை வெளியிட்டது. டெபியன் 7 அதற்கு மாறவில்லை. தன்னிடம் இருந்த 1.0.1இ சோர்ஸ் பேக்கேஜில் பேட்ச் என்ற திருத்தத் துண்டைச் சேர்த்து, 1.0.1இ-2+டெப்7யூ5 என்று வெளியிட்டது. முதல் பாதி மூலக் குழுவான ஓபன்எஸ்எஸ்எல் குழுவின் எண். பின்பாதி டெபியன் 7-க்காகச் செய்த திருத்தத்தின் எண். ஃபங்ஷன் பெயரோ, தகவலை அடுக்கி வைக்கும் ஸ்ட்ரக்ச்சரின் அளவோ மாறாததால் பழைய பைனரிகள் அப்படியே ஓடின. சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் போதும். ஒரே தொல்லை, ஆடிட்டுக்கு வரும் ஸ்கேனர் முன்பாதியை மட்டும் பார்த்துவிட்டுச் சிவப்புக் கொடி காட்டும். அப்போது மாற்றங்களின் பட்டியலான சேஞ்ச்லாகைத் திறந்து, அந்த ஓட்டைக்குரிய சிவிஇ அடையாள எண்ணைக் காட்ட வேண்டியதுதான்.

இந்த வழியிலும் ஆபத்து உண்டு. 2006-இல் டெபியன் தன் ஓபன்எஸ்எஸ்எல் பேக்கேஜில் செய்த ஒரு சின்ன மாற்றம், ரேண்டம் எண்கள் உருவாகும் இடத்தையே பலவீனமாக்கிவிட்டது. அது வெளிப்பட்டது 2008 மே மாதம். அதுவரை அந்த பேக்கேஜால் உருவான மறையாக்கச் சாவிகளை எல்லாம் மாற்ற வேண்டியதாயிற்று. ஆகவே மூலக் குழு ஏற்றுக்கொண்ட திருத்தத்தை மட்டுமே பேக்போர்ட் செய்ய வேண்டும். சொந்தக் கைவரிசை கூடாது.

புதிய வெர்ஷனுக்கு மாறுவது சோர்ஸ் வைத்திருப்பவர்களுக்குச் சரி. ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1-க்கு மூலக் குழு தந்த பொது ஆதரவு 2023 செப்டம்பர் 11-உடன் முடிந்தது. என்றைக்காவது 3-க்குப் போய்த்தான் ஆக வேண்டும். ஆனால் லைப்ரரி ஃபைலின் பெயரிலேயே 1.1 என்பது 3 என்று மாறிவிட்டதால், பழைய பைனரி தொடக்கத்திலேயே நின்றுவிடும். அதுகூடப் பரவாயில்லை, உடனே தெரிந்துவிடுகிறது. பெயர் மாறாமல் நடத்தை மட்டும் மாறுவதுதான் கொடுமை. லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சியில், நினைவகத்தில் தகவலை நகலெடுக்கும் மெம்காப்பி ஃபங்ஷனை வேகப்படுத்தியபோது, ஃபெடோரா 14 டிஸ்ட்ரோவில் ஃபிளாஷ் பிளேயரின் ஒலி சிதைந்தது. மெம்காப்பியைத் தப்பாகப் பயன்படுத்தியது ஃபிளாஷ்தான், அவதிப்பட்டது பயனர்கள். 2011-இல் வந்த ஜிலிப்சி 2.14 இதை அழகாகத் தீர்த்தது. 64-பிட் எக்ஸ்86 கணினிகளில் பழைய பைனரிக்கு 2.2.5 வெர்ஷன் முத்திரையுள்ள மெம்காப்பி, சோர்ஸிலிருந்து புதிதாகக் கம்பைல் செய்வதற்கு 2.14 முத்திரையுள்ளது, இரண்டும் ஒரே ஃபைலுக்குள். மூன்றாவது வழியின் உச்சம் என்று இதைச் சொல்வேன்.

அந்த மூன்றாவது வழியை பேக்கேஜ் அளவில் ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9-இல் பார்க்கலாம். ஓபன்எஸ்எஸ்எல் 3-உடன் பழைய பைனரிகளுக்காக 1.1-க்கும் ஒரு கம்பேட் பேக்கேஜ் உண்டு. அதில் லைப்ரரி மட்டும்தான். கம்பைல் செய்யத் தேவையான ஹெடர் ஃபைல்கள் இல்லாததால் அதை நம்பிப் புதிதாக எதையும் கம்பைல் செய்ய முடியாது. அப்படி வைத்திருப்பதுதான் சரி. டிஸ்ட்ரோவே பராமரிக்கும் வரை இது நல்ல வழி. இணையத்தில் எங்கிருந்தோ பழைய லைப்ரரியை இறக்கிப் போட்டால் அதற்கு அடுத்த திருத்தம் வரவே வராது.

பிரவுசர் கதை வேறு. ஃபயர்ஃபாக்ஸுக்கு பேக்போர்ட் செய்து மாளாது என்பதால் டெபியன் ஸ்டேபிளே நீண்டகால ஆதரவுள்ள புதிய இஎஸ்ஆர் வெர்ஷனைத் தருகிறது. வேறு மென்பொருள்கள் அதை நம்பி லிங்க் ஆகாததால் உடைவதும் குறைவு.

மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கும் பாஸ் லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதுதான். அதிலோ வேறு டெபியன் வழி டிஸ்ட்ரோவிலோ நீங்களே பேக்கேஜைத் திருத்திக் கட்டுவதாக இருந்தால், பழைய லைப்ரரியையும் புதியதையும் ஃபங்ஷன்களிலும் ஸ்ட்ரக்ச்சர்களிலும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும் ஏபிஐடிஃப் கருவியில் கொடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். நீக்கப்பட்ட ஃபங்ஷன் ஒன்றே ஒன்று வந்தாலும் அந்தப் பேக்கேஜை பில்லிங் சர்வரில் ஏற்றாதீர்கள்.