ஃப்ளாஷுக்கு எனலூப்: வெள்ளையே போதும்

கேமரா ஃப்ளாஷுக்கு ரீசார்ஜ் பேட்டரி வாங்கும்போது எல்லோரும் உறையில் போட்டிருக்கும் எம்.ஏ.எச். (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு) எண்ணைத்தான் பார்க்கிறார்கள். 3000-க்கு மேல் என்று அச்சிட்ட ஒரு செட்டையும் (பெயர் வேண்டாம்) பானசோனிக்கின் எனலூப் வெள்ளையையும் ஒரே ஃப்ளாஷில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். எனலூப்புக்கு வெறும் 1900தான், ஆனால் ஃபுல் பவரில் அடித்தால் ரெடி விளக்கு சட்டென்று திரும்ப எரிகிறது. மற்றது வரவர இழுக்கிறது, கழற்றினால் கையில் பிடிக்க முடியாத சூடு.

காரணம் உள்மின்தடை, அதாவது மின்சாரம் வெளியே வரும்போது செல்லே கொடுக்கும் தடை. ஃப்ளாஷ் அடிக்க மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர் நிரம்பும்போது சில ஆம்பியர் ஒரே மூச்சில் உறிஞ்சும். தடை அதிகமுள்ள செல்லில் அந்த மின்சாரத்தில் ஒரு பங்கு உள்ளேயே வெப்பமாகிப் போய்விடும். எனலூப் 1.2 வோல்ட்தானே என்று தயங்க வேண்டாம், 1.5 வோல்ட் ஆல்கலைன் இந்தச் சுமையில் அதைவிடக் கீழே இறங்கிவிடும்.

கறுப்பு எனலூப் ப்ரோ 2500, சரி, ஆனால் கம்பெனிக் கணக்கிலேயே அதன் ஆயுள் 500 சார்ஜ்தான், வெள்ளைக்கு 2000-க்கு மேல். இடையில் பேட்டரி மாற்றவே நேரமில்லாத வேலை என்றால் மட்டும் ப்ரோ வாங்கலாம்.

நல்ல பேட்டரியும் சுடுகிறதா? நான்கில் ஒன்று மட்டும் அதிகமாகச் சுடுகிறதா என்று முதலில் தொட்டுப் பாருங்கள். அப்புறம் மல்டிமீட்டரில் ஒவ்வொன்றாக அளந்தால், மற்றவை 1.2 காட்டும்போது 1.0 காட்டுகிற ஒன்று மாட்டும். நான்கும் தொடரில் இருப்பதால் பலவீனமானது முதலில் காலியாகும். அதற்குப் பிறகும் மற்ற மூன்றும் அதன் வழியே மின்சாரத்தைத் தள்ள, முனை தலைகீழாகி, சூடேறி, கசியவும் செய்யும். அதை அந்த செட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். பழையதையும் புதியதையும் கலக்கவே கூடாது, செட்டுக்கு ஒரு எழுத்து என்று மார்க்கரில் போட்டு வையுங்கள். சார்ஜரும் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனிப்பதாக இருக்க வேண்டும். ஜோடி ஜோடியாக ஏற்றும் மலிவு சார்ஜர்தான் பல நல்ல செட்களைக் கெடுக்கிறது.

நான்கும் ஒரே அளவு காட்டியும் ஃப்ளாஷ் நின்று நின்று வேலை செய்தால், தலைப்பகுதி கொதித்து அதுவே பாதுகாப்புக்காக வேகத்தைக் குறைத்திருக்கலாம். அப்போது புது பேட்டரி போட்டும் பயனில்லை. ஆற விடுங்கள், கேமராவின் ஐ.எஸ்.ஓ.வை (ஒளி உணர்திறன்) இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு, ஏற்றி ஃப்ளாஷை கால் பவருக்கு இறக்குங்கள்.

எனலூப் விலை அதிகம்தான், போலியும் நிறைய உலவுகிறது, தெரிந்த கடையில் மட்டும் வாங்குங்கள்.