ஸ்கைரிம்: டிராகனைவிட சேவ் ஃபைலுக்கே அதிகம் பயப்பட வேண்டும்

மலேசியாவின் சுங்கை சிப்புட், பீடோர் மாதிரியான தோட்டத்து டவுனில் இருந்துகொண்டு, "என்னிடம் ஒரு பழைய பிசி இருக்கிறது, நீண்ட நாளைக்கு ஆடும்படியான பெரிய மாயாஜால கேம் ஒன்று சொல்லுங்கள்" என்று யார் கேட்டாலும் பதில் ஸ்கைரிம்தான். 2011 நவம்பர் 11-இல் வெளிவந்தது. 2016 அக்டோபரில் ஸ்பெஷல் எடிஷனாக 64 பிட்டுக்கு மாறியது. டிஸ்கில் அதற்கு வேண்டியது 12 ஜிபி. இதே மாதிரி இன்னொரு பெரிய கேமான பால்டர்ஸ் கேட் 3 கேட்பதோ 150 ஜிபி. ஃபைபர் இன்னும் எட்டாத லயத்து வீட்டில், கைப்பேசி ஹாட்ஸ்பாட் டேட்டாவை வைத்து இறக்குகிறவருக்கு இந்த ஒரு வித்தியாசமே போதும்.

வாங்க வேண்டியது ஸ்பெஷல் எடிஷன் மட்டும். பிசி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் 75 விழுக்காடு தள்ளுபடி பல தடவை வந்திருக்கிறது, அதற்குக் காத்திருக்கலாம். கூடுதல் உள்ளடக்கங்களைச் சேர்த்த ஆனிவர்சரி எடிஷனுக்குத் தனியாகக் காசு கட்டத் தேவையில்லை. மீன்பிடிப்பு, சர்வைவல் மோட், ரேர் கியூரியோஸ், செயின்ட்ஸ் அண்ட் செட்யூசர்ஸ் ஆகிய நான்கும் 2021-இலேயே ஸ்பெஷல் எடிஷன்காரர்களுக்கு இலவசமாக வந்துவிட்டன. மிச்சமிருப்பதில் நிறைய வெறும் வாள், கவசம்.

இனி பிசி. இங்கே பெரும்பாலோர் வாங்குவது ஆபீஸ்களிலிருந்து கழித்துவிடப்பட்ட சின்னப் பெட்டிகள்: டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், உள்ளே நான்காம் அல்லது ஆறாம் தலைமுறை ஐ5. ஸ்கைரிமுக்கு இந்த பிராசசர் தாராளம்; 8 ஜிபி ரேம் இருந்தால் சரி. இடிக்கிற இடம் கிராபிக்ஸ் கார்டு. இந்தப் பெட்டிகளின் பவர் சப்ளை சிறியது, கார்டுக்குத் தனிப் பவர் கம்பி இருக்காது. ஆகவே மதர்போர்டு சிலாட்டிலிருந்தே 75 வாட்டுக்குள் மின்சாரம் எடுக்கிற கார்டாகவும், உயரம் குறைந்த லோ புரொஃபைல் மாடலாகவும் இருக்க வேண்டும். ஜிடிஎக்ஸ் 1650 லோ புரொஃபைல் கிடைத்தால் 1080பி-யில் ஹை செட்டிங்கில் நிம்மதியாக ஓடும். ஜிடி 1030 வாங்குவதாக இருந்தால் கார்டு வரும் அட்டைப்பெட்டியின் மேல் ஜிடிடிஆர்5 என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதே பெயரில் டிடிஆர்4 வகை ஒன்றும் விற்கிறது. பெயர் ஒன்று, வேகம் பாதிக்கும் கீழே. கடைக்காரர் "எல்லாம் ஒன்னுதான்" என்பார், ஒன்றல்ல. கார்டே இல்லாமல் ஆடுகிறவர்கள் 720பி, லோ செட்டிங்கோடு சமாளிக்கலாம். அப்போது 8 ஜிபி ஒரே துண்டு ரேமைவிட 4 ஜிபி இரண்டு துண்டு மேல். உள்ளிருக்கும் கிராபிக்ஸ் ரேமைத்தான் உறிஞ்சும். இரண்டு வழியாகக் கொடுத்தால் வேகம் தெரியும்.

செட்டிங்கில் முதலில் குறைக்க வேண்டியது காட் ரேஸ். மரக்கிளைகளுக்கு இடையே சூரியக் கதிர் விழுகிற அழகுதான், ஆனால் கார்டைத் தின்றுவிடும். அடுத்து நிழல்: அல்ட்ராவில் 4096 இருப்பதை ஹையாக்கி 2048-க்கு இறக்குங்கள். டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படம்) தரத்தில் கை வைக்காதீர்கள்; 4 ஜிபி கார்டு அதைத் தாங்கும், குறைத்தால் முகமெல்லாம் களிமண்ணாகிவிடும். ஹார்ட் டிஸ்கை மாற்றி 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டால் ஃபிரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) ஏறாது. ஆனால் இந்த கேமில் ஒவ்வொரு கதவுக்கும் ஒரு லோடிங் திரை உண்டு. அந்தக் காத்திருப்பு குறைவதுதான் நாள்பட ஆடுகிறவருக்குப் பெரிய வசதி.

75 அல்லது 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இந்த எஞ்சினில் பொருள்கள் விழுவதும் உருள்வதும் ஃபிரேம் எண்ணிக்கையோடு கட்டப்பட்டிருக்கின்றன. கணக்கு 60-க்குப் போட்டது. அதைத் தாண்டவிட்டால் தொடக்கக் காட்சியில் கைதிகளை ஏற்றிவரும் வண்டியே துள்ளிக் குதித்துக் கவிழும். அதைக் கடந்தாலும், வீட்டுக்குள் காலை வைத்ததும் மேசை மேல் இருந்த தட்டு, ரொட்டி, பாலாடைக்கட்டி எல்லாம் ஒரே நொடியில் எகிறித் தரையில் சிதறும். பேய் வீடல்ல, ஃபிரேம் ரேட். கார்டின் கண்ட்ரோல் பேனலில் ஸ்கைரிமுக்கு மட்டும் உச்ச ஃபிரேமை 60 என்று கட்டிவிட்டால் முடிந்தது. 60-க்கு மேல் ஓட்டியே ஆக வேண்டும் என்பவர்களுக்கு எஸ்எஸ்இ டிஸ்பிளே டுவீக்ஸ் என்ற மோட் (mod, ஆட்டக்காரர்களே செய்து தரும் மாற்றம்) இருக்கிறது.

தோட்டத்துப் பக்கம் பிசி வைத்திருப்பதற்கென்றே சில தொல்லைகள் உண்டு. செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லாரி கிளப்பும் செம்மண் தூசி, ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கு இடையே படிந்து, ஈரக் காற்றில் களியாக இறுகிவிடும். ஊதினால் போகாது, ஃபேனைக் கழற்றிப் பெயின்ட் பிரஷால் சுரண்டி எடுக்க வேண்டும். ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு செய்யுங்கள், சுழலவிட்டு ஊதாதீர்கள். மழைக்காலத்தில் பல்லி சூடு தேடிப் பவர் சப்ளைக்குள் போகும். ஒரு பல்லி குறுக்கே படுத்தால் ஷார்ட் ஆகி மொத்த பிசியும் போய்விடும். பின்பக்கம் கழற்றிவிட்ட சிலாட் ஓட்டைகளைத் தகடு போட்டு மூடுங்கள், இல்லையென்றால் கொசுவலைத் துண்டையாவது ஒட்டுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி மின்னல். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மேற்குக் கரை ஊர்களில் மத்தியானத்துக்கு மேல் இடியில்லாத நாள் குறைவு. பக்கத்தில் எங்கேயோ விழுந்தாலே வீட்டு இஎல்சிபி (மின்கசிவு வந்தால் கரண்டை வெட்டும் சுவிட்ச்) 'டப்' என்று விழுந்துவிடும். மொத்த வீடும் இருட்டு. ஸ்கைரிம் அந்த நேரத்தில் சேவ் எழுதிக்கொண்டிருந்தால் ஃபைல் பாதியில் நின்றுவிடும். இந்த கேமோ கதவைத் தாண்டினால், தூங்கினால், காத்திருந்தால், வரைபடத்தில் இடத்தைத் தேர்ந்து ஒரே தாவாக வேக யாத்திரை போனால் எல்லாம் தானாகவே சேவ் எழுதும். அதனால் வாய்ப்பு நீங்கள் நினைப்பதைவிட அதிகம். 650 விஏ யுபிஎஸ் ஒன்று, 200 வெள்ளிக்கு முன்னே பின்னே ஆகும், பிசிக்கும் மானிட்டருக்கும் சில நிமிடம் கொடுக்கும். சேவ் போட்டு, வெளியேறி, நிறுத்த அது போதும். இடி நெருங்கிவிட்டால் யுபிஎஸ்ஸை நம்பி உட்கார்ந்திருக்காமல் பிளக்கையும், ரவுட்டரிலிருந்து வரும் லேன் கம்பியையும் சேர்த்துப் பிடுங்குங்கள். டெலிபோன் கம்பி வழி நெட் உள்ள வீடுகளில் பல மதர்போர்டுகள் செத்தது கரண்டால் அல்ல, அந்தக் கம்பி வழி வந்த மின்னலால்.

சரி, சேவ் ஃபைல். ஆட்டோசேவ் மூன்று இடங்களில் மாறி மாறி எழுதும். ஒரு குவெஸ்ட் (கதையில் தரப்படும் பணி) உடைந்துபோனது உங்களுக்குத் தெரிவதற்குள் மூன்றுமே அந்த உடைந்த நிலையில் எழுதப்பட்டிருக்கும். எஃப்5 அடிக்கும் குவிக்சேவுக்கோ ஒரே இடம்தான். பழையதன் மேலேயே எழுதும். ஆகையால் மெனுவுக்குள் போய், ஏற்கெனவே இருப்பதன் மேல் எழுதாமல், புது சேவ் போட்டுக்கொண்டே வர வேண்டும். சண்டை நடுவில் போடாதீர்கள். வெளிக்காட்டில் டிராகன் வட்டமிடும்போதும் வேண்டாம். சின்ன அறை ஒன்றுக்குள் நுழைந்து, அங்கே ஓடிக்கொண்டிருக்கும் வேலைகள் அடங்கட்டும் என்று ஓர் அரை நிமிடம் விட்டுப் போட்டால் ஃபைல் சுத்தமாக இருக்கும். செத்துப்போனால் உடனே லோட் ஆவதை நம்பாமல் முதன்மை மெனுவுக்குப் போய் லோட் செய்வது கூடுதல் பாதுகாப்பு.

சேவ் எல்லாம் டாக்குமென்ட்ஸ், அதற்குள் மை கேம்ஸ், அதற்குள் ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன் ஃபோல்டரில் இருக்கும். விண்டோஸ் போடும்போது ஒன்டிரைவுக்கு 'சரி' சொல்லியிருந்தால் டாக்குமென்ட்ஸ் முழுவதும் கிளவுட் என்கிற இணையச் சேமிப்புக்குப் போகப் பார்க்கும். நெட் மெதுவான ஊரில் கேம் எழுதும் ஃபைலை அது பிடித்து இழுத்துக்கொண்டிருப்பதும், இலவச 5 ஜிபி நிரம்பி மக்கர் செய்வதும் வழக்கம். ஒன்டிரைவின் ஃபோல்டர் பேக்கப்பை நிறுத்திவிட்டு, வாரம் ஒருமுறை ஒரு பென்டிரைவுக்கு நகல் எடுங்கள்.

மோட் விஷயத்தில் அடக்கம் வேண்டும். முதல் இரண்டு எல்லோருக்கும் பொது: பிழைகளைத் திருத்தும் அன்அஃபிஷியல் ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன் பேட்ச், பையில் உள்ள பொருள்களைப் பட்டியலாக்கும் ஸ்கையுஐ (SkyUI). பேட்சின் இப்போதைய பதிப்புக்கு மேலே சொன்ன நான்கு இலவச உள்ளடக்கங்களும் இறங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மெனு வரும் முன்பே கேம் மூடிக்கொள்ளும். ஸ்கையுஐ-க்கு எஸ்கேஎஸ்இ (SKSE, கேமின் ஸ்கிரிப்ட் திறனைக் கூட்டும் துணை நிரல்) தேவை. எஸ்கேஎஸ்இ-யின் பதிப்பு எண் கேமின் பதிப்பு எண்ணோடு அச்சாகப் பொருந்த வேண்டும். ஸ்டீம் ஒரு நாள் சத்தமில்லாமல் கேமை அப்டேட் செய்துவிட்டால் எல்லாம் நின்றுபோகும். ஆகவே ஸ்டீமில் இந்த கேமுக்கு 'திறக்கும்போது மட்டும் அப்டேட்' என்று வைத்துவிட்டு, எப்போதும் எஸ்கேஎஸ்இ லோடர் வழியாகவே திறங்கள். மோடுகளைக் கேம் ஃபோல்டரில் நேராகக் கொட்டாமல் மோட் ஆர்கனைசர் 2 வழியாகப் போட்டால், தப்பு நடந்தாலும் அசல் ஃபைல்கள் கெடாது.

முழு பிளகின் (மோடின் ஃபைல்) 254 வரைதான். இலகு வகை 4096 வரை போகலாம். எண்ணிக்கையைக் காட்டிலும் முக்கியமான விதி: ஸ்கிரிப்ட் (ஆட்டத்தின்போது பின்னணியில் ஓடும் சிறு நிரல்) உள்ள மோடை நடு ஆட்டத்தில் கழற்றவே கூடாது. கழற்றினாலும் அதன் மிச்சம் சேவ் ஃபைலுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு லோடிங் நீளும், மனிதர்கள் பதில் சொல்லத் தயங்குவார்கள், ஒரு நாள் குறிப்பிட்ட ஊருக்குள் நுழைந்தாலே கேம் மூடிக்கொள்ளும். ரீசேவர் என்ற கருவியால் அநாதை ஸ்கிரிப்டுகளைத் துடைக்கலாம், ஆனால் அது கடைசி முயற்சி. பட்டியலை முடிவுசெய்துவிட்டுப் புது ஆட்டம் தொடங்குங்கள். மோட் போட்டால் ஸ்டீம் அச்சீவ்மென்ட் வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆட்டத்துக்குள்ளே. சுமை வரம்பு 300-இல் தொடங்கும். லெவல் ஏறும்போது ஸ்டாமினாவை (உடல் தெம்பு) தேர்ந்தால் ஒவ்வொரு முறையும் 5 கூடும். ஸ்டீட் ஸ்டோன் என்ற வரம் தரும் கல்லைத் தொட்டால் ஒரே அடியாக 100. கவசங்களைச் சுமந்து விற்பதைவிட மோதிரம் செய்வது லாபம். வைட்ரன் நகருக்கு வடக்கே ஹால்ட்டட் ஸ்ட்ரீம் கேம்ப்பில் டிரான்ஸ்மியூட் மந்திரப் புத்தகம் இருக்கும். இரும்புத் தாது வெள்ளியாகும், வெள்ளி தங்கமாகும். தங்க மோதிரம் அடித்தால் சிமிதிங் என்ற கொல்லுத் திறனும் ஏறும், கல்லாவும் நிறையும். இரும்புக் கத்தியாக அடித்துத் தள்ளும் பழைய வழி, பொருளின் மதிப்புக்கேற்ப அனுபவப் புள்ளி என்று மாறிய பிறகு செல்லாது. ரசவாதத்தில் ஜயன்ட்ஸ் டோ (ராட்சதனின் கால்விரல்) கையில் கிடைத்தால் கோதுமையோடு அரையுங்கள், அந்தக் குப்பி நல்ல விலைக்குப் போகும். ஆட்டத்தில் வரும் கடைக்காரரின் கல்லா 48 ஆட்ட மணி நேரத்துக்கு ஒருமுறை நிரம்பும். காலிசெய்த குகை மறுபடி நிரம்ப 30 ஆட்ட நாள்.

கடினத்தை லெஜண்டரிக்கு ஏற்றுவதில் வீரம் ஒன்றுமில்லை. உங்கள் அடி கால் பங்காகும், எதிரி அடி மூன்று மடங்காகும், அவ்வளவுதான். எதிரியின் புத்தி அதிகமாவதில்லை. நாள்பட ஆட எக்ஸ்பர்ட் என்ற நிலை நல்ல நடு. அதற்குமேல் சவால் வேண்டுமென்றால் சர்வைவல் மோட்: வேக யாத்திரை கிடையாது, பசி, குளிர், தூக்கம் உண்டு, காயம் தானாக ஆறாது, அம்புக்கும் எடை உண்டு. ஆனால் குதிரை வண்டி ஓடும். பனிமலை வழியாக விண்டர்ஹோல்டு ஊருக்குப் போக அப்போதுதான் திட்டமிடத் தோன்றும்.

குறைகளை மறைக்க முடியாது. உள்நாட்டுப் போர் என்று பெரிதாகச் சொல்கிறார்கள். களத்தில் பார்த்தால் பத்திருபது பேர் சண்டை. முடிவில்லாமல் வரும் தானியங்கிக் குவெஸ்டுகள் ஒரு கட்டத்தில் 'அதே குகை, வேறு ஆள்' ஆகிவிடும், மறுத்தே பழகுங்கள். விண்ட்ஹெல்ம் நகரத்தில் பிளட் ஆன் தி ஐஸ் என்ற கொலை விசாரணை நல்ல கதை, ஆனால் உடைவதில் பேர்போனது. நகரத்துக்குள் நான்காவது முறை நுழையும்போது, இரவில் கல்லறைப் பக்கம் போனால் தொடங்கும். பேட்ச் போட்டிருந்தாலும் அந்த நான்காவது நுழைவுக்கு முன் தனி சேவ் ஒன்றை ஒதுக்கி வையுங்கள். பாறை இடுக்கில் சிக்கிக்கொண்டால் எஸ்கேப் கீக்குக் கீழே உள்ள கீயைத் தட்டி, கன்சோலில் டி, சி, எல் மூன்று எழுத்தை அடித்து என்டர் கொடுத்தால் பாறைக்குள்ளேயே நடந்து வெளியே வரலாம். வந்ததும் மறுபடி அதையே அடித்து நிறுத்துங்கள்.

தமிழ் மொழித் தேர்வு இதில் இல்லை. ஆங்கிலம் தட்டுத்தடுமாறி வாசிக்கும் பிள்ளைகளுக்கு, செட்டிங்கில் டயலாக் சப்டைட்டிலையும் ஜெனரல் சப்டைட்டிலையும் இரண்டையும் போட்டுக்கொடுங்கள். முதலாவது மட்டும் இருந்தால் நேராகப் பேசுகிறவர் சொல்வதுதான் எழுத்தில் வரும். தெருவில் போகிறவர்கள் பேச்சில்தான் பல குவெஸ்டுகளின் நுனி இருக்கிறது.