ஒத்திகைக் கேசட்டுகளை டிஜிட்டலாக்கக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஒரு காலத்தில் இசைக்குழுவில் வாசித்து, அந்த ஒத்திகைக் கேசட்டுகளை இன்னும் அலமாரியில் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் ஐந்து கேசட் கொடுத்தோம். மூன்றுதான் திரும்பி வந்தன. வராத இரண்டில் இருந்தவை எங்கள் பாடகன் தானே எழுதிப் பாடிய பாட்டுகள். அவன் இப்போது உயிரோடு இல்லை.

நாங்கள் நான்கு பேர். ராக் அண்ட் ரோல் மட்டும்தான் வாசிப்போம். மூன்று கார்டு (சுரக்கூட்டு), பன்னிரண்டு பார் (தாளச் சுற்று), அவ்வளவுதான். ஆனால் அந்தப் பன்னிரண்டு பாருக்குள் நான்கு பேரும் ஒரே உடம்பாக நகர எங்களுக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. டிரம்மர் வீட்டுப் பின்னறையில் ஒத்திகை நடக்கும். சத்தம் வெளியே போகாமல் இருக்கப் பழைய மெத்தைகளைச் சுவரில் சாய்த்து வைப்போம். நான் பேஸ் கிட்டார். வாசிக்கும்போது என் கண் டிரம்மரின் வலது காலில்தான் இருக்கும். அவன் பெடலை மிதிக்கும் அதே நொடியில் என் விரல் தந்தியில் விழ வேண்டும்.

1950களின் ராக் அண்ட் ரோல் பதிவுகளைக் கூர்ந்து கேட்டால் ஒன்று பிடிபடும். ஜாஸும் ஸ்விங்கும் வாசித்துப் பழகிய டிரம்மர்கள் தாளத்தைச் சற்றே ஊஞ்சலாட்டி வாசிப்பார்கள். சக் பெரி போன்ற ராக் அண்ட் ரோல் முன்னோடிகளின் கிட்டாரோ நேராக அடித்துக்கொண்டு போகும். இரண்டுக்கும் நடுவே மயிரிழை அளவு உரசல் இருக்கும். கேட்பவரின் காலை ஆட வைப்பது அந்த உரசல்தான் என்பது என் எண்ணம். எங்கள் டிரம்மருக்கு அது இயல்பாகவே வரும். சிம்பல் என்ற உலோகத் தட்டில் அவன் குச்சி விழும் விதத்திலேயே கேட்கும். இதை ஏன் சொல்கிறேன் என்பது கீழே புரியும்.

எங்கள் லீட் கிட்டாரிஸ்ட் ஒரு நான்கு டிராக் கேசட் ரெக்கார்டர் வாங்கினான். டியாக் நிறுவனம் 1979இல் கொண்டுவந்த போர்ட்டாஸ்டூடியோவின் வழிவந்த கருவி. சாதாரணக் கேசட்டில் ஏ பக்கத்துக்கு இரண்டு டிராக், பி பக்கத்துக்கு இரண்டு டிராக், ஆக மொத்தம் நான்கு கோடுகள் நாடாவில் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். இந்தக் கருவி அந்த நான்கையும் ஒரே திசையில், ஒரே நேரத்தில் பதியும். கேசட்டைத் திருப்பிப் போடும் வேலையே இல்லை. முதல் டிராக்கில் பேஸும் டிரம்ஸும், இரண்டாவதில் பாடகன் வாசித்த ரிதம் கிட்டார், மூன்றாவதில் லீட், நான்காவதில் குரல். இப்படித்தான் ஐந்து சி-60 (அறுபது நிமிட) கேசட்டுகளையும் நிரப்பினோம்.

பாடகன் இறந்த பிறகு அவன் மகள் என்னிடம் கேட்டாள்: "மாமா, அப்பா பாடினது ஏதாவது இருக்கா?" அவள் பிறக்கும் முன்பே குழு கலைந்துவிட்டது. அப்பா பாடி அவள் கேட்டதே இல்லை. ரெக்கார்டர் எப்போதோ போய்விட்டிருந்தது, கேசட்டுகள் மட்டும் என்னிடம் இருந்தன. எந்தக் கேசட்டையும் டிஜிட்டலாக்கித் தருவதாக விளம்பரம் செய்த ஓர் இடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெயரை எழுதப் போவதில்லை. இதே வேலையை இதே மாதிரி செய்யும் இடம் அது ஒன்றாக மட்டும் இருக்காது.

"இது நான்கு டிராக் கேசட்" என்று கொடுக்கும்போதே சொன்னேன். "எல்லாம் ஒண்ணுதான் சார், எங்ககிட்ட எல்லா மெஷினும் இருக்கு" என்றார் அங்கிருந்தவர். சில நாள் கழித்து அழைத்தார். "ஏ பக்கம் நல்லா வந்திருக்கு சார். பி பக்கம் பூரா வெறும் இரைச்சல், டேப் கெட்டுப்போச்சு. ஸ்பெஷலா சுத்தம் பண்ணிப் பார்க்கலாம், அதுக்குத் தனி சார்ஜ்" என்றார். நாடா பழையது, கெட்டிருக்கலாம் என்று நம்பினேன். அந்தப் பணத்தையும் கட்டினேன். கடைசியில் "எவ்வளவோ முயற்சி பண்ணினோம், பி பக்கம் தேறல" என்று சொல்லிவிட்டு ஏ பக்கக் கோப்புகளை மட்டும் கொடுத்தார்.

வீட்டில் போட்டுக் கேட்டேன். ஒரு காதில் நானும் டிரம்மரும். மறு காதில் ரிதம் கிட்டார். பாட்டே இல்லை.

வெளியூரில் இருக்கும் லீட் கிட்டாரிஸ்ட்டுக்குக் கோப்புகளை அனுப்பினேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது. "டேய், மூணாவது நாலாவது டிராக் எங்கடா? சாதாரண டெக்ல போட்டு எடுத்திருக்காங்க. பி பக்கம் கெடவே இல்லை, தலைகீழா ஓடியிருக்கு!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான்கு டிராக் கேசட்டைச் சாதாரண டெக்கில் திருப்பிப் போட்டால் மூன்றாவதும் நான்காவதும் பின்னோக்கி ஓடும். அவர்கள் இரைச்சல் என்று சொன்னது தலைகீழாக ஓடிய என் நண்பனின் குரல். அதைச் சுத்தம் செய்கிறோம் என்றுதான் என்னிடம் காசு வாங்கியிருக்கிறார்கள்.

இன்னும் இருந்தது. எங்கள் ரெக்கார்டரில் டிபிஎக்ஸ் என்ற இரைச்சல் குறைப்பு முறை உண்டு. பதியும்போது ஒலியின் ஏற்ற இறக்கத்தைப் பாதியாகச் சுருக்கி, திரும்பக் கேட்கும்போது அதே அளவு விரிக்கும். விரிக்காமல் கேட்டால் மெல்லிய ஒலியெல்லாம் பெரிதாகும், இரைச்சலும் கூடவே எழும்பி எழும்பி அடங்கும். அவர்கள் விரிக்கவில்லை. எழும்பிய இரைச்சலை மென்பொருளால் வழித்து எடுத்திருக்கிறார்கள், அதோடு சிம்பலும் போய்விட்டது. டிரம்மரின் அந்த ஊஞ்சல் அதில் இல்லை. யாரோ தகர டப்பாவைத் தட்டுவது போல இருந்தது.

24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பு, அதாவது சுருக்காத உயர்தரக் கோப்பு, என்று ரசீதில் எழுதியிருந்தது. ஒலியின் அதிர்வெண்களைக் காட்டும் படத்தில் திறந்து பார்த்தால் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் நறுக்கியது போல ஒன்றுமே இல்லை. நாடாவின் இரைச்சல் அப்படி ஒரு கோட்டில் பட்டென்று நிற்காது. எம்பி3 ஆகச் சுருக்கியதை வேவ் என்று பெயர் மாற்றி, பெரிய கோப்பாக்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

சரி, கேசட்டுகளாவது பத்திரமாக வரட்டும் என்று போனேன். மூன்றை மேஜையில் வைத்தார். மற்ற இரண்டு? "அதுல பூஞ்சை சார். வெச்சிருந்தா மத்த டேப்புக்கும் பரவும், தூக்கிப் போட்டுட்டோம்." ரசீதின் பின்னால் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: பழுதான நாடாக்கள் அப்புறப்படுத்தப்படலாம். கீழே என் கையெழுத்து. பூஞ்சை பிடித்த நாடாவையும் உலர்த்தித் துடைத்து ஓட வைக்கலாம், செய்பவர்கள் இருக்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அப்படியே வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். கத்தினேன், கெஞ்சினேன். பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். எனக்குப் பணமா வேண்டும்?

அதனால் கேட்டுக்கொள்கிறேன். முதலில் ஒரே ஒரு கேசட்டை மட்டும் கொடுங்கள், அதுவும் உங்களுக்கு மிக வேண்டாததை. எந்தக் கருவியில் ஓட்டுவார்கள் என்று கேளுங்கள், முடிந்தால் நேரில் பாருங்கள். நான்கு டிராக் என்றால் நான்கு தனித்தனிக் கோப்பு வர வேண்டும். இரைச்சல் குறைப்பு டிபிஎக்ஸா, டால்பியா, எந்த ரெக்கார்டரில் பதிந்தது என்பதைக் கேசட் உறையிலேயே எழுதிவிடுங்கள். கேசட்டின் மேல் விளிம்பில் உள்ள சின்னப் பிளாஸ்டிக் பற்கள் இரண்டையும் உடைத்துவிட்டுக் கொடுங்கள், யாரும் தவறிப்போய் மேலே பதிந்துவிட முடியாது. சுத்தம் செய்யாத மூலக் கோப்பு கட்டாயம் வேண்டும் என்று சொல்லுங்கள். சுத்தம் பிறகு யாரும் செய்யலாம், வழித்தெடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. அப்புறம், எத்தனை கேசட், மேலே என்ன எழுதியிருக்கிறது என்பதெல்லாம் ரசீதில் இருக்கட்டும். "எதையும் அப்புறப்படுத்தக் கூடாது" என்று உங்கள் கையால் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

என்னைப் போல ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு ஒன்று. பி பக்கம் என்று ஏதாவது கோப்பு கொடுத்திருந்தால் அழித்துவிடாதீர்கள். எந்த ஒலித் தொகுப்பு மென்பொருளிலும் பின்னோக்கி ஓட்டும் வசதி உண்டு. திருப்பிவிட்டு ஏ பக்கத்தோடு பொருத்திப் பாருங்கள். இரண்டு முறை ஓடியதில் வேகம் சற்று விலகும், துண்டு துண்டாகத்தான் சேர்க்க வேண்டியிருக்கும், ஆனாலும் சேரும். எனக்கு அந்தக் கோப்பைத் தரவே இல்லை.

மீதி மூன்று கேசட்டையும் லீட் கிட்டாரிஸ்ட் தேடிப் பிடித்த ஒரு பழைய நான்கு டிராக் கருவியில் நாங்களே ஓட்டினோம். டிபிஎக்ஸை அழுத்தி, நாடாவைப் படிக்கும் ஹெட்டின் கோணத்தைத் திருகாணியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்தான். சிம்பல் பளிச்சென்று திறந்தது. நான்காவது டிராக்கை மட்டும் தனியாக ஏற்றினோம். பாட்டு தொடங்கும் முன் அவன் குதிகாலால் தரையில் நான்கு எண்ணுவான், அதுவும் மைக்கில் விழுந்திருக்கிறது. மகள் ஹெட்போனைக் கழற்றவே இல்லை.

ஆனால் அவனே எழுதிய பாட்டுகள் தொலைந்த இரண்டில்தான் இருந்தன. இப்போது அவற்றில் அவனுடையதாக மிஞ்சியது ரிதம் கிட்டார் மட்டும், அதுவும் வழித்துச் சுருக்கப்பட்டு.

உண்மையிலேயே குப்பையில் போட்டார்களா, பழைய கேசட்டுகளோடு சேர்த்து விற்றுவிட்டார்களா தெரியாது. சி-60, வெள்ளை உறை, நீல மையில் 'ஒத்திகை 4', 'ஒத்திகை 5'. எங்காவது உங்கள் கையில் கிடைத்தால் போட்டுப் பாருங்கள். ஏ பக்கத்தில் பேஸும் டிரம்ஸும் ஒரு கிட்டாரும் கேட்கும். திருப்பிப் போட்டால் ஒருவன் தலைகீழாகப் பாடிக்கொண்டிருப்பான். இரைச்சல் என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.