ஸ்பிட்ஃபயர் அருமை, ஸ்டிக்கர்தான் சனியன்

எங்கள் தாமானில் அடுத்த தெருவில் இருக்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: "அண்ணே, பையனுக்குப் பத்து வயதாகிறது. நீங்கள் ஒட்டுவீர்களே, அந்த பிளாஸ்டிக் விமானம், அதில் எதை வாங்கித் தரலாம்?" அவர் கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலையில்தான் என் ஸ்பிட்ஃபயரின் (இரண்டாம் உலகப் போரில் பறந்த பிரிட்டிஷ் போர் விமானத்தின் மாதிரி) இடது இறக்கையில் ஒட்டியிருந்த விமானப்படைச் சின்ன வட்டம் மறுபடியும் செதில் செதிலாக உரிந்து வந்திருந்தது. இதில் காரம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டிக்குள் பிளாஸ்டிக் பாகங்களும் ஸ்டிக்கர் தாளும் விளக்கத் தாளும் இருக்கும், ஒட்டி விமானமாக்குவது நம் பாடு. 1/72 அளவு, அதாவது நிஜ விமானத்தின் நீளத்தில் 72இல் ஒரு பங்கு; இறக்கைக்கு இறக்கை 15 செ.மீ. சொச்சம். எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள். பழைய பெட்டிகள் எல்லாமே ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தான்.

ஜோகூர் மாநிலத்தில் குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்கு இந்தப் பெட்டி தீபாவளிக் காசில்தான் வாய்த்தது. மாமாவும் சித்தப்பாவும் கொடுத்த வெள்ளிகளைச் சேர்த்துக்கொண்டு பட்டணத்துச் சீனர் கடைக்குப் போவோம். பள்ளி நோட்டுகளுக்கு மேல் தட்டில் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். படத்தில் விமானம் தீப்பொறி பறக்கச் சீறிக்கொண்டிருக்கும். திறந்தால் சாம்பல் நிறச் சட்டத்தில் துண்டு துண்டாகக் கிடக்கும். கத்தரிக்க அப்பாவின் நகவெட்டி. வெட்டிய இடத்தில் துருத்தி நிற்கும் நுனியைத் தேய்க்க லயத்து வாசலின் சிமென்ட் தரை. வண்ணத்துக்குத் தோட்டத்து அலுவலக வேலிக்கு அடித்து மிஞ்சிய பச்சைச் சாயம். குழாயில் வந்த பசை நூல் நூலாக இழுக்கும். விமானியின் கண்ணாடி மூடியில் ஒரு சொட்டுப் பட்டால் போதும், அது வெள்ளையாக மங்கிப்போகும். எங்கள் லயத்தில் இருந்த விமானிகள் அத்தனை பேரும் மூடுபனியில் ஓட்டியவர்கள். கிராணி வீட்டுப் பையன் மட்டும் தாமியா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் பேட்டரி போட்ட குட்டிக் காரை ஐந்தடி நடைபாதையில் ஓடவிட்டு எங்களை வயிறெரிய வைப்பான்.

வேலைக்குப் போனபின் அதே விமானத்தின் மறுபதிப்புப் பெட்டியை வாங்கி ஒட்டினேன். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த நீள்வட்ட இறக்கையின் அழகுக்கு ஈடு கிடையாது. பசையும் அன்றைய பசை இல்லை. தாமியாவின் பச்சை மூடிப் புட்டியில் தண்ணீர்போல ஒன்று வருகிறது. இரண்டு பாகத்தையும் முதலில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மூடியோடு இருக்கும் மெல்லிய தூரிகையால் இணைப்பின் ஒரு முனையைத் தொட்டால் போதும். திரவம் தானாகவே விளிம்பு நெடுக ஓடி மறுமுனைக்குப் போய்விடுகிறது. இது ஒட்டுவதில்லை, இரண்டு பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் சற்றே கரைத்து ஒன்றாக்கிவிடுகிறது. அதனால்தான் ஜோகூர் வெயிலிலும் என் இறக்கைகள் இன்றுவரை வாய் பிளக்கவில்லை. அந்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காகவே இன்னொரு விமானம் ஒட்டலாம்.

இனி அந்தத் தண்ணீர் ஸ்டிக்கர். தாளை வெட்டி வெதுவெதுப்பான நீரில் நனைத்து, ஓரமாக வைத்துக் காத்திருக்க வேண்டும். தூரிகையால் மெல்லத் தள்ளினால் தாளை விட்டு நகரும். முன்னதாகத் தள்ளினால் கிழியும், மறந்துபோய் ஊறவிட்டால் பசை கரைந்து வெறும் தோலாகிவிடும். அதை இறக்கைக்கு மாற்றி, கீழே சிக்கிய நீரை நடுவிலிருந்து ஓரத்துக்குப் பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும். வண்ணம் பளபளப்பாக இல்லாமல் சொரசொரப்பாக இருந்தால் அடியில் காற்று தங்கி, ஸ்டிக்கரைச் சுற்றிலும் வெள்ளி பூசியதுபோல் மின்னும். அதற்கென்று ஒரு மருந்து விற்கிறார்கள். தடவியதும் ஸ்டிக்கர் கிழவியின் கன்னமாகச் சுருங்கிவிடும். பதறித் தொட்டால் தொலைந்தோம். தொடாமல் விட்டால் தானே படிந்து, பிளாஸ்டிக்கில் செதுக்கிய கோடுகள்கூடத் தெரியும். நன்றாக அமைந்த நாளில் அது வண்ணம் தீட்டியதுபோலவே இருக்கும், மறுக்கவில்லை.

ஆனால் இந்த ஊர் ஈரத்துக்கு இந்தச் சரக்கு தாங்காது. எங்களுக்குப் பெட்டி வாங்கக் காசு வருவது தீபாவளிக்கு; தீபாவளியின் வாலைப் பிடித்துக்கொண்டே வடகிழக்குப் பருவமழை வரும். அந்த ஈரக் காற்றில் மேல்பூச்சு அடித்தால் பால் ஊற்றியதுபோல் வெளுக்கிறது. பூசாமல் விட்டால் ஸ்டிக்கர் மஞ்சளாகி வெடிக்கிறது. பிரிக்காமல் பத்திரப்படுத்திய தாளோ விளக்கத் தாளோடு ஒட்டிக்கொள்கிறது. மஞ்சளைப் போக்க ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வெயில் காட்டலாம், நானும் காட்டினேன். மஞ்சள் போனது, நீரில் போட்டதும் ஸ்டிக்கரும் துண்டு துண்டாகிப் போனது. போதாக்குறைக்கு அச்சு விலகி, வட்டத்தின் நடுவில் இருக்க வேண்டிய சிவப்புப் பொட்டு ஓரமாக ஒதுங்கி முறைக்கிறது.

பர்மா போர்முனையில் பறந்த பிரிட்டிஷ் விமானங்களில் அந்தச் சிவப்பையே எடுத்துவிட்டார்கள். ஜப்பானியரின் சிவப்பு வட்டம் என்று நினைத்துச் சொந்தக்காரனே சுட்டுவிடக் கூடாதே என்று இரண்டு நீலம் மட்டும். அந்த நீல வட்டங்களைத் தனியாக வரவழைத்து ஒட்டினேன். இப்போது உரிந்திருப்பது அதுதான்.

இவ்வளவு திட்டியும் ஸ்பிட்ஃபயரை விட முடியாததற்குக் காரணம் உண்டு. பிரிட்டிஷ் விமானப்படையின் ஸ்பிட்ஃபயர் கடைசியாகப் போர்ப் பணிக்குப் பறந்தது இங்கிலாந்து வானில் அல்ல. 1954 ஏப்ரல் 1 அன்று, கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு நடந்த மலாயா அவசரகாலத்தின் நடுவே, சிங்கப்பூரின் சிலேத்தாரிலிருந்து கிளம்பிய 81ஆம் படையணியின் விமானம் எங்கள் ஜோகூர்க் காட்டைப் படம் எடுக்கப் போனது. பெட்டிப் படத்தில் இங்கிலாந்துக் கடலோரத்து டோவர் பாறைகளைப் பார்த்து வாய் பிளந்த எங்களுக்கு, தலைக்கு மேலேயே பறந்ததை யாரும் சொல்லவில்லை.

நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். ஜப்பானிய நிறுவனமான பான்டாய் 1980 முதல் 'குண்டம்' (Gundam) என்ற கார்ட்டூன் ரோபோக்களை நாமே பூட்டிச் செய்யும் பெட்டிகளாக விற்கிறது. இப்போது வருபவற்றுக்குப் பசை வேண்டாம், சாயம் வேண்டாம். பிளாஸ்டிக்கே நிறத்தோடு வருகிறது, அழுத்தினால் பூட்டிக்கொள்கிறது, சின்னப் பெட்டிகளில் ஸ்டிக்கரும் உரித்து ஒட்டும் வகைதான். பையன் ஒரே மாலையில் முடித்துவிட்டுச் சிரிப்பான். ஸ்பிட்ஃபயர் வாங்கினால் வீட்டில் மூன்று பேரும் அழுவீர்கள்.

இன்னொன்று. என் அலமாரியில் பிரிக்காத ஸ்பிட்ஃபயர் பெட்டி இருப்பதை நண்பர் பார்த்துவிட்டார், விலையும் கேட்டுவிட்டார். அது விற்பனைக்கு இல்லை. மழை நின்றதும் ஒட்டப் போகிறேன்.