ஏற்காட்டுச் சமையலறையில் மைக்ரோவேவ்: மீந்த சாப்பாட்டைச் சூடு பண்ணிய நீண்ட நாள் அனுபவம்

மீந்த சாப்பாட்டைச் சூடு பண்ணுவதற்காகவே ஒரு மைக்ரோவேவ் வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம் என்பேன். ஆனால் அது வந்த கையோடு இட்லிப் பானையையும் தோசைக்கல்லையும் பரணில் ஏற்றிவிடாதீர்கள். எங்கள் வீட்டில் 20 லிட்டர் சோலோ வகை ஒன்று சில வருடங்களாக ஓடுகிறது. கிரில், கேக் எதுவும் அதில் வராது. சூடு பண்ணும், அவ்வளவுதான்.

நாங்கள் இருப்பது ஏற்காட்டில், அம்மா வீடு சேலம் செவ்வாய்பேட்டையில். அம்மா கட்டிக்கொடுக்கும் குழம்பும் கறியும் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வருவதற்குள் ஆறிவிடும். மார்கழியில் என்றால் தட்டில் போட்ட சோறே பாதிச் சாப்பாட்டில் சில்லிட்டுப்போகும். அதனால் சூடு பண்ணுவது இங்கே தினசரி வேலை. இன்னொன்று, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் தண்ணீர் 95 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். ஆவியின் சூடும் அவ்வளவுதான். கீழே சேலத்தில் இட்லிப் பானையில் வைக்கும் நேரத்தைவிட இங்கே கொஞ்சம் கூடுதலாக வைக்க வேண்டும்.

வாங்கியதும் வந்த முதல் சிக்கல் பாத்திரம். உருக்காலை இருக்கும் மாவட்டத்தில் யார் வீட்டில் எவர்சில்வர் தவிர வேறு இருக்கிறது? தூக்குப்போசியை அப்படியே உள்ளே வைக்க முடியாது. மூடி போட்ட, சூடு தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடிக் கிண்ணங்கள் நான்கைந்து வாங்கினோம். இப்போது மிச்சத்தை முதலிலேயே அதில் மாற்றித்தான் ஃபிரிட்ஜில் வைக்கிறேன். அகலமாக, உயரம் குறைவாக இருக்கும் கிண்ணமாகப் பார்த்து வாங்குங்கள். மைக்ரோவேவ் அலைகள் சாப்பாட்டுக்குள் சில சென்டிமீட்டர்தான் நேரடியாக இறங்கும், அதற்கும் உள்ளே சூடு மெதுவாகப் பரவித்தான் போக வேண்டும். குறுகலான ஆழக் கிண்ணத்தில் சாம்பார் வைத்தால் ஓரம் கொதிக்கும், நடு ஜில்லென்று இருக்கும். பாதியில் ஒருமுறை எடுத்துக் கிளறி, மறுபடி வைத்து, முடிந்ததும் மூடியைத் திறக்காமல் இரண்டு நிமிடம் விட்டால் சூடு சமமாகும். பலர் அந்த இரண்டு நிமிடம் பொறுப்பதில்லை.

சோற்றுக்கு இதைப்போல வேறு வழி இல்லை என்றே சொல்வேன். ஃபிரிட்ஜ் குளிரில்தான் வெந்த அரிசியின் மாவுச்சத்து சீக்கிரமாக இறுகும், அதனால்தான் மறுநாள் சோறு விறைத்து உதிரியாகக் கிடக்கிறது. கட்டிகளை உதிர்த்து, ஒரு கிண்ணத்துக்கு இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்து, மூடி லேசாகத் திறந்தபடி வைத்தால் புதுச் சோறு மாதிரி மலர்ந்து வரும். இங்கே மலையில் கிடைக்கும் சாமைச் சோறு இன்னும் சீக்கிரம் காய்ந்துபோகும், அதற்குத் தண்ணீர் சற்றுக் கூட வேண்டும். ஜவ்வரிசிக் கிச்சடிக்கும் இதே முறைதான், அடுப்பில் வைத்தால் அது அடியில் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும்.

இட்லி விஷயத்தில் அவசரம் இருந்தால் மட்டும் மைக்ரோவேவ். தட்டின் நடுவைக் காலியாக விட்டு, இட்லிகளை வட்டமாக அடுக்கி, ஈரத்துணி போர்த்தி ஒரு நிமிடம். மெத்தென்று வரும், ஆனால் ஆறினால் ரப்பர்தான். எல்லோரும் ஒன்றாக உட்காரும் நாளில் இட்லிப் பானையையே எடுக்கிறேன்.

அப்புறம், இதில் வைக்கவே கூடாதவை. பருப்பு வடை, போண்டா இரண்டும் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியே வரும்போது மேல்தோல் நைந்துவிடும். தோசைக்கல்லில் மிதமான தீயில் புரட்டினால் மொறுமொறுப்பு பாதியாவது திரும்பும். பரோட்டாவும் அப்படியே, கல்லில் போட்டு நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்து மூடினால் போதும். ஆனால் நமுத்துப்போன தட்டுவடைக்கு மைக்ரோவேவ் அருமை. நடுவில் காயும் சட்னியும் வைத்து செட் போட வாங்கி மிஞ்சியதை ஒரு தாளில் பரப்பி அரை நிமிடம் வையுங்கள். எடுத்ததும் மெத்தென்றுதான் இருக்கும், ஆற ஆற மொறுமொறுப்பாகும்.

ரசத்தை என் அத்தை இதற்குள் வைக்க விடமாட்டார். "நுரை கட்டும்போது இறக்கோணும் கண்ணு, பெட்டிக்குள்ள மூடி வெச்சா எப்படிப் பார்த்து இறக்குவ?" என்பார். அவர் சொல்வதுதான் சரி. கொதித்துவிட்ட ரசத்தில் வாசம் இருக்காது. மேட்டூர் மீன் குழம்பும் அடுப்புக்குத்தான். மறுநாள் மண்சட்டியில் சுண்டச் சுண்ட வரும் ருசி, சூடு மட்டும் பண்ணும் கருவியில் வரவே வராது. மோர்க்குழம்பை வைப்பதாக இருந்தால் பாதிச் சக்தியில், கொஞ்சம் கொஞ்சமாக, இல்லையென்றால் திரிந்துவிடும். ராகிக்களியைச் சூடு பண்ணவே வேண்டாம். ராத்திரியே தண்ணீரில் போட்டு, காலையில் கரைத்து மோர் விட்டுக் குடிப்பதற்கு மேல் அதற்கு என்ன வேண்டும்?

கறிக்கு நான் எப்போதும் பாதிச் சக்திதான். எங்கள் கருவி பாதிச் சக்தியில் சிறிது நேரம் முழுவதுமாக ஓடி, சிறிது நேரம் நிற்கும். சத்தம் மாறுவதைக் கேட்கலாம். அந்த இடைவெளியில் சூடு உள்ளே பரவுவதால் துண்டுகள் வறண்டு நார்நாராகப் போவதில்லை. ஃப்ரீசரில் உறைந்ததை நேராக வைக்காதீர்கள். பனிக்கட்டியைவிட உருகிய நீர் இந்த அலைகளைப் பல மடங்கு உள்வாங்கும், அதனால் முதலில் உருகிய ஓரம் வெந்துகொண்டே இருக்க, நடு கல்லாகவே கிடக்கும். முந்தைய இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி வைப்பதுதான் நல்லது.

ஏற்காட்டில் பலர் வீட்டில் கேட்கும் பேச்சு ஒன்று: "இந்தக் குளிருக்குச் சோறு வெளியில இருந்தாலும் ஒண்ணும் ஆகாது." இதை ஏற்க முடியாது. கிருமிகள் பெருகாமல் அடங்கியிருக்க 5 டிகிரிக்குக் கீழே வேண்டும், மார்கழியிலும் சமையலறை அவ்வளவு குளிராது. சோற்றில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாகாது. வெளியே கிடந்தால் அவை முளைத்து உண்டாக்கும் வாந்தி நச்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள், அகலமாகப் பரப்பி ஆறவைத்து, ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். சாப்பிடும் அளவை மட்டும் எடுத்து, ஒரே ஒரு முறை, நடுப்பகுதியும் ஆவி பறக்கும்படி சூடு பண்ணுங்கள். சமையல் வெப்பமானி இருந்தால் 74 டிகிரி காட்ட வேண்டும்.

கருவியைப் பற்றிக் கொஞ்சம். உள்பக்கச் சுவரில் அலைகள் வரும் வழியை மூடியிருக்கும் மைக்கா தகட்டில் எண்ணெய் தெறித்துக் காய்ந்தால் ஒருநாள் பொறி பறக்கும். எங்களுக்கும் பறந்தது. பயப்படத் தேவையில்லை, உடனே நிறுத்திவிட்டு அந்தத் தகட்டை மாற்றினால் போதும், உதிரிபாகக் கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். எதையும் மூடிபோட்டே வைத்தால் அந்த வேலையும் வராது. சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும்போது அதே நேரத்துக்குச் சூடு குறைவாகத்தான் ஏறும், அரை நிமிடம் கூட்டிக்கொள்ள வேண்டும். ஐப்பசி மழையில் மரம் விழுந்து கரண்ட் போனால் வீட்டு இன்வர்ட்டரை நம்ப முடியாது. 800 வாட் என்று போட்டிருக்கும் கருவி உள்ளே இழுப்பது 1,200 வாட் அளவு. அன்றைக்கு எல்லாமே அடுப்பில்தான்.