மாமல்லபுரம் போக ஓஎம்ஆரா, ஈசிஆரா?

சென்னையிலிருந்து கிளம்பும் இந்த இரண்டும் மாநில நெடுஞ்சாலைதான், இரண்டும் மாமல்லபுரம் பக்கம்தான் போகின்றன, நடுவில் ஓடுவது பக்கிங்காம் கால்வாய். ஆனால் இரண்டும் வளர்ந்த விதம் வேறு.

ஓஎம்ஆர் என்றால் பழைய மகாபலிபுரம் சாலை. மத்திய கைலாஷில் ஆரம்பித்து பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர், கேளம்பாக்கம் வழியாகத் திருப்போரூரைத் தொட்டுப் போகும். 2000-இல் தரமணியில் டைடல் பார்க் என்ற ஐ.டி. வளாகம் வந்தது, அப்புறம் சிறுசேரி வரை ஆறுவழிச் சாலை போட்டு ராஜீவ் காந்தி சாலை என்று பெயரும் வைத்தார்கள், ஏரியும் வயலுமாக இருந்த ஊர்கள் சில வருடத்திலேயே அடுக்குமாடிகளாக மாறின. வேகமாகச் சாலை வந்த அளவுக்கு மழைநீர் வடிகால் வரவில்லை. செம்மஞ்சேரிக்காரர்கள் ஒவ்வொரு கார்த்திகையிலும் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பது எனக்குப் பெரிய வருத்தம். இப்போது மெட்ரோ வேலை வேறு, காலை எட்டு மணிக்குச் சோழிங்கநல்லூர் சிக்னலில் மாட்டினால் பொறுமைதான் துணை.

ஈசிஆர் என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலை, மீனவர் குப்பங்களைத் தொட்டுப் போகும். திருவான்மியூர் தாண்டி நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், உத்தண்டி. அங்கே சுங்கம் கட்டவேண்டும். முட்டுக்காடு பாலத்தில் ஒரு பக்கம் உப்பங்கழி, மறுபக்கம் கடல் வாய், அதைப் பார்க்கவே போகலாம். ஆனால் சனி ஞாயிறு சாயங்காலம் வண்டி நகரவே நகராது.

வார நாளில் அதிகாலை கிளம்பினால் கண்ணை மூடிக்கொண்டு ஈசிஆரைச் சொல்வேன். ஞாயிறு திரும்பி வரும்போது மட்டும் கோவளத்தில் கேளம்பாக்கம் பக்கம் திரும்பி ஓஎம்ஆரைப் பிடித்துவிடுங்கள்.